படிக்க முடியாத எழுத்து

(ஐயம்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2025 ஜனவரி 5ஆம் தேதி சென்னையில் ஓர் அறிவிப்பு வந்தது. சிந்துவெளி எழுத்தை ஐயத்துக்கு இடமில்லாமல் படித்துக் காட்டுகிறவருக்குத் தமிழ்நாடு அரசு பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு தரும் என்று முதலமைச்சர் சொன்னார். நம் பணத்தில் எட்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். அதையொட்டித் தொல்லியல் துறையின் ஆய்வு நூல் ஒன்றும் வெளிவந்தது. தமிழ்நாட்டில் 140 இடங்களில் கிடைத்த ஏறத்தாழ 15,000 பானை ஓடுகளின் கீறல்களைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்ட நூல் அது. மீன் போல ஒன்று, ஏணி போல ஒன்று, கிளை பிரிந்த கோடு ஒன்று. குயவர் போட்ட அடையாளமா, பானைக்கு உரியவர் போட்டதா, குலக்குறியா என்று இன்னும் முடிவாகவில்லை. கொடுமணலிலும் கீழடியிலும் இந்தக் கீறல்களோடு தமிழி எழுத்தில் ஆள் பெயர்களும் கிடைத்திருக்கின்றன. பெயரைப் படித்துவிட்டோம். கீறலைப் படிக்க முடியவில்லை. அதற்குத்தான் பரிசு.

இந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. கண்முன் எழுத்து போல ஏதாவது இருந்து, அதைப் படிக்க முடியாமல் போனால் நமக்குத் தூக்கம் வராது. ஆனால் நான் இன்று பேச வந்திருப்பது இதற்கு நேர் எதிராக நடந்த ஒருவரைப் பற்றி. எழுதப் படிக்க மிக நன்றாகத் தெரிந்தவர். ஆங்கிலத்தில் சரளமாகக் கட்டுரை எழுதியவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகு, யாராலும் படிக்க முடியாதபடி எழுதத் தொடங்கினார். தூரிகையால், கித்தானில். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் அவர்.

பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பத்துக்கு வேர் பொன்னானிக்கு அருகே வெளியங்கோடு. காயல், தோணி, தென்னை, மழை நிறைந்த அந்த ஊரைத்தான் சிறு வயதில் நீர்வண்ணத்தில் வரைந்து தள்ளினார். பிறகு சென்னை. தந்தித் துறையில் சில ஆண்டுகள் வேலை. அதை உதறிவிட்டு 1936இல் சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது வயது இருபத்தைந்து. அப்போது பள்ளிக்குத் தலைவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலை என்று நாம் தினமும் கடந்து போகிறோமே, அதைச் செய்த வங்காளி. படித்து முடித்த பள்ளியிலேயே பணிக்கர் ஆசிரியரானார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957இல் ராய் சௌத்ரிக்குப் பிறகு அதே நிறுவனத்தின் முதல்வர்.

இங்கே ஓர் ஆண்டைக் கவனியுங்கள். பணிக்கர் பிறந்தபோது வெளியங்கோடு, கோயம்புத்தூர், சென்னை மூன்றும் ஒரே மாகாணம். மலபார் ஒரு மாவட்டம், அவ்வளவுதான். 1956 நவம்பர் 1 அன்று விடிந்தபோது அவர் வேறு மாநிலத்துக்காரர் ஆகியிருந்தார். ஊரை விட்டு ஊர் வந்து பத்து இருபது ஆண்டு கழித்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தபடி, அயலாராக மாறினார். நகர்ந்தது எல்லைதான். அவர் மட்டுமல்ல, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த ஒரே இரவில் அப்படி ஆயின. இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே வாழ்வது என்றால் கப்பலேறிப் போவதுதான் என்று நினைக்க வேண்டியதில்லை.

உங்கள் நெசவு ஊரில் நின்றுகொண்டு இரண்டு பண்பாடு என்று பேச்செடுத்தால் கோர்வைச் சேலையைத்தான் உவமை சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். மூன்று நாடா, இரண்டு நிறம், கரையும் உடலும் பல்லோடு பல் கோத்து நிற்பது. சொல்லச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பணிக்கருக்குப் பொருந்தாது. கரை எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிவதுதான் கோர்வையின் பெருமை. பணிக்கரிடம் அந்த இடத்தைக் காட்ட முடியாது. மலையாளம் எங்கே, சென்னை எங்கே, லண்டன் எங்கே என்று பிரிக்கப் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

லண்டன் என்றேன். 1954இல் அவர் ஐரோப்பா போனார். அங்கே படங்களைக் காட்சிக்கு வைத்தார், நிறையப் பார்த்தார். வான்கோவின் தடித்த தீற்றலும் கொகானின் நிறமும் அதற்கு முன்பே அவர் கையில் ஏறியிருந்தன. திரும்பி வந்தவரை ஒரு கேள்வி விடாமல் அரித்தது: பாரிசுக்காரனைப் போலவும் வரையாமல், சாந்திநிகேதனத்தின் மெல்லிய புராணக் காட்சிகளையும் வரையாமல், சென்னையில் உட்கார்ந்திருக்கிற ஒருவன் எதை வரைவது? அந்தக் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஓவியர் இந்தியாவிலேயே இல்லை. பெரும்பாலோர் பதிலுக்காகக் கோயில் சிற்பத்திடமோ நாட்டார் பொம்மையிடமோ போனார்கள். பணிக்கரும் போனார். ‘தோட்டம்’ என்ற வரிசையில் அஜந்தாவின் சாயல் தெரியும். நல்ல படங்கள். ஆனால் அதோடு நின்றிருந்தால் இன்று நான் அவரைப் பற்றிப் பேச வந்திருக்க மாட்டேன்.

1963இல் மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டுப் பக்கம் அவர் கண்ணில் பட்டது என்று சொல்வார்கள். இயற்கணிதச் சமன்பாடு, வடிவியல் படம், எண்கள், ரோமன் எழுத்து, நடுநடுவே அடித்தல் திருத்தல். கணக்குச் சரியா தவறா என்பது அவருக்கு முக்கியமாகப் படவில்லை. பக்கம் எப்படி நிரம்பியிருக்கிறது என்பதைப் பார்த்தார். இடது பக்கம் நெரிசல், வலது பக்கம் வெற்றிடம், ஒரு முக்கோணம் தனியாக. அதையே படமாக்கினார். முதலில் ரோமன் எழுத்தும் கணிதக் குறிகளுமாக இருந்தது. விரைவிலேயே ரோமன் போய் மலையாள எழுத்து வந்து உட்கார்ந்தது. ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற அந்த வரிசையை 1977 ஜனவரியில் சாகும்வரை அவர் விடவில்லை.

அந்த வரிசையில் ஒரு படத்துக்கு முன் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தரை வெளிறிய மஞ்சள், அல்லது பாசி படிந்த வெள்ளை. எண்ணெய் வண்ணத்தின் கனமே இல்லாமல், நீர் போலக் கரைத்துப் பூசியது. மேலிருந்து கீழாக நுணுக்கி நுணுக்கி எழுதிய வரிகள். நடுவில் ஜாதகக் கட்டம், பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டில் எழுத்து, ஒரு வீட்டில் புள்ளி, ஒரு வீடு காலி. ஓரத்தில் ஒரு மீன், ஒரு பாம்பு, குச்சிக் காலோடு ஒரு பறவை. எங்கோ ஓர் இடத்தில் குங்குமச் சிவப்பில் சின்னதாக ஒரு பொட்டு. படம் முழுவதும் அந்தப் பொட்டைச் சுற்றித்தான் தாங்கி நிற்கிறது என்பது பத்து நிமிடம் கழித்துத் தெரியும். தள்ளி நின்றால் பழைய ஓலைச்சுவடியை விரித்துப் போட்டது போலிருக்கும். கிட்டே போனால் எழுத்து எழுத்தாக இருக்கும், சொல் மட்டும் இருக்காது. மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். முதல் ஒரு நிமிடம் அவருடைய உதடு அசையும். பிறகு நின்றுவிடும். உதடு நின்ற பிறகுதான் கண் வேலை செய்யத் தொடங்கும்.

இந்தக் குறிகளுக்கு அகராதி போட முயன்றவர்கள் உண்டு. பாம்பு குண்டலினி, மீன் வளம், கட்டம் விதி என்று. நான் அதை நம்புவதில்லை. வீட்டில் ஜாதகம் எழுதி வைத்திருக்கும் எந்தக் குடும்பத்திலும் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார், அவரும் வெளியாளாக இருப்பார். மற்றவர்களுக்கு அது மஞ்சள் தடவிய தாள், கட்டம், எழுத்து, பயம் கலந்த மரியாதை. பணிக்கர் வரைந்தது அந்த மற்றவர்களின் ஜாதகத்தை.

இனி உங்கள் பக்கத்து ஊருக்கு வருகிறேன். காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போகாதவர் இங்கே இருக்க மாட்டார். சுற்றிலும் 58 சிறு கோயில்கள். குழந்தையாக இருந்தபோது ஒன்றுக்குள் ஒன்றாகப் புகுந்து ஒளிந்து விளையாடியிருப்பீர்கள். அவற்றின் வெளிப்புறத்தில், கண் மட்டத்துக்குக் கீழே, ராஜசிம்ம பல்லவனின் பட்டப்பெயர்கள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பெயர், அதன் கீழே அதே பெயர் வேறு வகை எழுத்தில், அதன் கீழே இன்னொரு வகையில். கிரந்தம் உண்டு, நாகரி சாயலும் உண்டு. சில இடங்களில் எழுத்தின் வால் கொடி போல வளைந்து நீண்டு, அடுத்த எழுத்தைத் தொட்டுவிட்டு வரும். கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஸ் இவற்றைப் படித்து 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சிட்டார். படித்துப் பார்த்தால் என்ன இருக்கிறது? வீரன், கொடையாளி, கலை அறிந்தவன், சிவபக்தன். அரசனுடைய புகழ்தான். அதைச் சொல்ல ஒரு வகை எழுத்து போதும். ஏன் இத்தனை? எழுதியவனுக்கு எழுதும் இன்பம் இருந்தது, எழுதச் சொன்னவனுக்குப் பார்க்கும் இன்பம் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அதே கோயிலில் மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியை வென்று உள்ளே வந்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டுவித்தது. கோயிலின் செல்வத்தைப் பார்த்து, அதைத் தூக்கிக்கொண்டு போகாமல் கடவுளுக்கே விட்டுவிட்டதாகச் சொல்கிறது. எதிரியின் ஊரில், எதிரி கட்டிய தூணில், தன் மொழியில் எழுதிவிட்டுப் போகிறான் ஒருவன். கிராஃபிட்டி என்று நியூயார்க்கையும் பெர்லினையும் பார்த்துப் பேசுகிறவர்கள் ஒரு தடவை காஞ்சிபுரம் வந்து இந்தத் தூணைப் பார்க்கலாம். வென்றவன் எழுதினால் கல்வெட்டு, பத்தாம் வகுப்புப் பையன் காம்பஸ் முனையால் எழுதினால் அபராதம். அபராதம் சரிதான், நான் பையனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கிற ஆசை ஒன்றுதான்: நான் இங்கே வந்தேன்.

பணிக்கரை நான் இந்தச் சுவரோடு சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மலையாள எழுத்தின் மூதாதை கிரந்தம். கிரந்தம் செழித்த இடங்களில் முதலில் சொல்ல வேண்டியது பல்லவர்களின் காஞ்சி. அவர் கித்தானில் வளைந்து நெளிகிற அந்தக் கோடுகளின் பாட்டன் பூட்டன் உங்கள் ஊர் மணற்கல்லில் இருக்கிறார்கள். அதனால்தான் மலையாளம் அறியாத தமிழருக்கு அந்தப் படங்கள் ஒரு விசித்திரமான இடத்தைத் தருகின்றன. சீன எழுத்தைப் பார்த்தால் நாம் படிக்க முயலவே மாட்டோம். தமிழ் என்றால் நிறுத்தாமல் படித்துவிடுவோம். மலையாள எழுத்து நடுவில் நிற்கிறது. ‘க’ தெரிகிற மாதிரி இருக்கும், ‘ற’ தெரிகிற மாதிரி இருக்கும், அடுத்த எழுத்தில் கை நழுவும்.

கல்லை விட்டுச் சுண்ணாம்புச் சுவருக்கு வருவோம். இங்கிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இரண்டு பக்கமும் பாருங்கள். கட்சித் தலைவர் பெயர், அதன் மேல் வெள்ளை அடித்துச் சிமென்ட் விளம்பரம், அதன் மேல் வெள்ளை அடித்து இன்னொரு கட்சி. இரண்டு மழை பெய்தால் மேல் சுண்ணாம்பு கரைந்து, அடியிலிருந்து போன தேர்தலின் நீலமும் சிவப்பும் எட்டிப் பார்க்கும். ‘வருக’வின் ‘ரு’வும் சிமென்ட்டின் ‘சி’யும் ஒட்டிக்கொண்டு புதிதாக ஓர் எழுத்து பிறந்திருக்கும். அதை எழுதியவர் யாரும் இல்லை. சுவரில் எழுதுவதைத் தடுக்க 1959லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். சட்டமும் இருக்கிறது, சுவரும் இருக்கிறது.

நம்முடைய சுவரெழுத்துக்குத் தனி வரலாறு எழுதலாம். திராவிடர் கழகத்தில் சுவரெழுத்து சுப்பையா என்று, எழுதிய சுவராலேயே பெயர் பெற்ற ஒருவர் இருந்தார். கருந்தார்தான் மை. 1950களில் ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசினார்கள். ஒரு விஷயத்தை இப்போதுதான் யோசிக்கிறோம்: மூன்று மொழியில் எழுதிய பலகையில், தார் பூசிய பிறகு எந்த வரி முதலில் கண்ணில் படும்? தார் பூசிய வரிதான். அழிப்பது, அழித்ததைக் காட்டிக் கொடுக்கிறது.

பணிக்கர் எழுத்தைக் கித்தானில் ஏற்றிய 1963இல்தான் நாடாளுமன்றத்தில் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. 1965 ஜனவரியில் சென்னை பற்றி எரிந்தது. கல்லூரி மாணவர்கள் தெருவில். எந்த எழுத்து, யாருடைய எழுத்து என்பதற்காக உயிர் போன மாதங்கள் அவை. அதே நகரத்தில், பெரியமேட்டில் ஒரு கலைக்கல்லூரியின் முதல்வர், மலையாளி, எழுத்திலிருந்து பொருளை வடித்துவிட்டு வெறும் கோடாக நிறுத்துகிற வேலையில் இருந்தார். இது அதற்குப் பதில் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் அப்படிச் சொன்னதாகவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரே ஊர், ஒரே ஆண்டுகள். அந்தப் படங்களின் அமைதியைப் பார்க்கும்போது வெளியே கேட்ட சத்தத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உலகத்தில் வேறு யார் இப்படிச் செய்தார்கள் என்று மாணவர்கள் கேட்பீர்கள். எல்லோரும் உடனே சொல்லும் பெயர் ழான் மிஷெல் பாஸ்கியா. 1960இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். தந்தை ஹைத்திக்காரர், தாயின் பெற்றோர் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். வீட்டில் ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு. பதின்ம வயதில் நண்பரோடு சேர்ந்து ‘சேமோ’ என்ற புனைபெயரில் மன்ஹாட்டன் சுவர்களில் குத்தலான வாசகங்களை எழுதினார். பிறகு சுவரிலிருந்து கித்தானுக்கு வந்தபோது சொற்களையும் கூட்டி வந்தார். எழுதுவார், மேலே கோடு கிழிப்பார். கிழித்தால்தான் படிப்பார்கள் என்பது அவர் கணக்கு. நம் ரயில் நிலையத் தாரின் கணக்கும் அதுதான். 27 வயதில், 1988இல், போதை மருந்தால் இறந்தார். 2017இல் அவருடைய ஒரு படம் 11 கோடி டாலருக்கு மேல் விலை போனது. விலையைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நம் தமிழருக்குள்ளேயே சுவரிலிருந்து கிளம்பியவர் என்றால் மாயா என்கிற மாதங்கி அருள்பிரகாசம். 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் முற்றியபோது அகதியாக லண்டன் திரும்பியவர். கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தார். 2001இல் அட்டை வெட்டி ஸ்பிரே அடித்த படங்களைக் காட்சிக்கு வைத்தார்: புலி, டாங்கி, தென்னை, நெருப்பு, பளீரென்ற இளஞ்சிவப்பில். பிறகு பாட்டுக்குப் போய் உலகப் புகழ் பெற்றார். அந்தப் படங்களில் எதுவும் மறைபொருளாக இல்லை. கத்துகிற படங்கள். பணிக்கரைப் பிடித்தவர்களுக்கு அவை பிடிக்காமல் போகலாம், எனக்கு இரண்டும் வேண்டும்.

ஆனால் பணிக்கரின் உண்மையான சகோதரர்கள் இவர்கள் அல்ல. சூடானில் இப்ராஹிம் அல் சலாஹி. லண்டனில் ஓவியம் படித்துவிட்டு 1957இல் கார்ட்டூம் திரும்பித் தன் படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஊரார் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். அவர்கள் வீட்டில் எது மாட்டியிருக்கிறது என்று தேடிப் போனவர் கண்டது அரபு எழுத்து. அந்த எழுத்தை உடைத்து உடைத்து, எழுத்து முகமாகவும் விலங்காகவும் ஆகும்வரை கொண்டு போனார். ஈரானில் ஹுசைன் ஸிந்தரூதி, தாயத்தில் எழுதுகிற எண்களையும் எழுத்துகளையும் எடுத்துக்கொண்டு கித்தானை நிரப்பினார். இருவரும் இதைச் செய்தது 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததற்கான அடையாளம் இல்லை. ஐரோப்பிய ஓவியத்தை அறிந்த ஓவியர்கள், ஒரே பத்தாண்டில், வெவ்வேறு கண்டங்களில், தாத்தாவின் கையெழுத்தைக் கையில் எடுத்தார்கள். மனித உருவத்தையும் நிலக்காட்சியையும் ஐரோப்பா ஏற்கெனவே வரைந்து தீர்த்திருந்தது. எழுத்து மட்டும் மிச்சமிருந்தது. அதற்கு அவர்களிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை.

பணிக்கரிடம் எனக்குக் குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். 1963 தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் வரைந்தவற்றில் ஒரு நடுக்கம் இருக்கிறது. அடுத்த கோடு எங்கே போகும் என்று அவருக்கே தெரியவில்லை. எழுபதுகளில் அந்தக் கட்டமும் மீனும் பாம்பும் சொன்னபடி கேட்கத் தொடங்கிவிடுகின்றன. மிக ஒழுங்காக அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. அதற்குள் வெளியே சந்தையும் உருவாகியிருந்தது. 1966இல் அஜித் முகர்ஜியின் தாந்திரிகக் கலை நூல் வந்ததும் மேற்கில் யந்திரம், பிந்து, குண்டலினி என்றால் கேள்வி கேட்காமல் வாங்குகிற கூட்டம் சேர்ந்தது. பணிக்கரின் மாணவர்களில் சிலர் அந்தப் பக்கம் போனார்கள், நல்ல படங்களும் வரைந்தார்கள், சுவாமி படமும் வரைந்தார்கள். பணிக்கர் அந்த முத்திரையை விரும்பிக் குத்திக்கொள்ளவில்லை, ஆனால் அது அவர் மேலும் விழுந்தது. படிக்க முடியாமல் செய்ததையே ‘இந்திய மறைஞானம்’ என்று படித்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய தோல்வி ஓர் ஓவியருக்கு வர முடியாது.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஓவியர் ஆதிமூலத்தை வைத்துப் பார்க்கிறேன். கீரனூரில் பிறந்து, பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் அதே கல்லூரியில் படித்தவர். தமிழ்ச் சிற்றிதழ்களிலும் நூல் அட்டைகளிலும் ஆதிமூலத்தின் எழுத்து இல்லாமல் ஒரு தலைமுறை கழிந்ததில்லை. ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் போட்ட கோடுகளை வைத்தே அதை எழுதிய கி.ரா.வின் முகத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. தமிழ் எழுத்தின் உடம்பை அவரைப் போல அறிந்த ஓவியர் குறைவு. ஆனால் பிற்காலத்தில் அவர் அரூப ஓவியத்துக்கு வந்தபோது எழுத்தை வாசலிலேயே விட்டுவிட்டார். அந்த நீலங்களிலும் சிவப்புகளிலும் என் கண்ணுக்கு ஓர் எழுத்தும் தென்படவில்லை. தாய்மொழி எழுத்தை ஆதிமூலம் படிப்பதற்கென்றே வைத்துக்கொண்டார். பணிக்கர் பார்ப்பதற்கென்று எடுத்துக்கொண்டார். நாள் முழுக்கத் தமிழ் எழுத்து சூழ்ந்த ஊரில் வாழ்ந்த மலையாளிக்குத் தன் எழுத்து மெல்ல ஓவியமாக மாறியிருக்கலாம். தினமும் புழங்காத எழுத்து அப்படித்தான் ஆகும். அயல்நாட்டில் வளர்ந்த நம் பேரப்பிள்ளைகள் தமிழ் எழுதுவதைப் பாருங்கள், ‘இ’யை அவர்கள் எழுதுவதில்லை, வரைகிறார்கள்.

ஆதிமூலம் உங்களுக்கு இன்னொரு வழியிலும் உறவு. பிழைப்புக்கு அவர் வேலை பார்த்தது நெசவாளர் சேவை மையத்தில். வீர. சந்தானமும் டிராட்ஸ்கி மருதுவும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். 1950களில் புபுல் ஜெயகர் முன்னின்று தொடங்கிய அந்த மையங்களில் ஓவியர்களின் வேலை தறிக்கு வடிவம் போட்டுக் கொடுப்பது. காஞ்சிபுரத்திலும் மையம் உண்டு, இங்கே இருப்பவர்களில் பலர் ஏதோ ஒரு வேலையாக அந்தப் படி ஏறியிருப்பீர்கள். தமிழ்நாட்டு நவீன ஓவியத்துக்குச் சோறு போட்டதில் கண்காட்சிக் கூடங்களைவிடத் தறிக்குப் பங்கு அதிகம் என்று நான் சொன்னால் சென்னை நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் ஓவியர் கிராமமான சோழமண்டலத்தின் கதையும் அதுதானே? 1966இல் இஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் பணிக்கரும் மாணவர்களும் நிலம் வாங்கிய பணம் ஓவியம் விற்று வரவில்லை. துணியில் மெழுகு ஊற்றிச் சாயம் தோய்த்துச் செய்த பாத்திக்கை விற்றுச் சேர்த்தது. ஓவியம் விலை போகாத காலத்தில் துணி விலை போனது. அங்கே மின்சாரமும் சாலையும் ஒழுங்காக இல்லாத நாளில் குடியேறி, பகலில் கைவினை, மீதி நேரத்தில் ஓவியம் என்று பிடிவாதமாக உட்கார்ந்தார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த மணலின் விலையைக் கேட்டால் பணிக்கருக்கே மயக்கம் வரும்.

சென்னையில் படித்து, சென்னையில் கற்பித்து, சென்னையில் இறந்தவரின் பெரிய தொகுப்பு, அவர் கொடையாகக் கொடுத்தபடி, திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் தனிக் கூடமாக இருக்கிறது. கேரளம் கேட்டது, வாங்கிப் பத்திரப்படுத்தியது. நாம் கேட்டோமா என்று தெரியவில்லை. இங்கிருந்து அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் சோழமண்டலத்துக்குப் போகலாம். 2009இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். சென்னை ஓவிய இயக்கத்தின் படங்களும் சிற்பங்களும் ஒரே கூரைக்குக் கீழே. ஐயம்பேட்டையிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம், பேருந்தில் என்றால் கூடுதல். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாம்புக்கு இது அர்த்தம், மீனுக்கு அது அர்த்தம் என்று யாராவது விளக்க வந்தால் பணிவாகக் கேட்டுக்கொண்டு, அவர் அடுத்த படத்துக்குப் போகும்வரை நீங்கள் அங்கேயே நில்லுங்கள். திரும்பும் வழியில் பொழுது இருந்தால் கைலாசநாதர் கோயிலில் இறங்கி, அந்தப் பட்டப்பெயர்களை ஹூல்ட்ஸ் இல்லாமல் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.